குளிர்காலக் காலையில் இயங்க மறுக்கும் ஸ்போர்ட்ஸ் கார்: குற்றவாளி குளிர் மட்டும்தானா?

மார்கழி பிறந்து பனி கொட்டத் தொடங்கியதும் கனடாவின் ரொறன்ரோ நகரிலும் அதனைச் சூழவுள்ள பகுதிகளிலும் வாகனத் திருத்துநர்களின் தொலைபேசிகள் ஓய்வின்றி ஒலிக்கத் தொடங்கிவிடுகின்றன. நேற்று மாலை வரை நன்றாக ஓடிய கார் இன்று காலை இயங்க மறுக்கின்றது என்பதே அவ்வழைப்புகளில் பெரும்பாலானவற்றின் சாரமாகும். நுவரெலியாவில் தை மாத விடியற்காலைகளில் புல்நுனியில் உறைபனி படிவதையே கடுங்குளிர் என்று அறிந்து வைத்திருக்கும் எமக்கு இது தொலைதூரத்துச் சிக்கலாகத் தோன்றலாம். ஆயினும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பேருவளையிலிருந்தும் சென்று குளிர் நாடுகளில் குடியேறிய எம்மவர்கள் பல்லாயிரம் பேர். கையில் சிறிது பணம் சேர்ந்ததும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களின் பிள்ளைகளுக்கும் இருப்பது இயல்பே.

அத்தகைய ஒருவரைக் கற்பனை செய்து கொள்வோம். அவரிடம் மஸ்டா நிறுவனத்தின் ஆர்எக்ஸ்-8 கார் ஒன்று உள்ளது. 2003ஆம் ஆண்டு முதல் 2012ஆம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்ட வகை அது. சனிக்கிழமை மாலை வீட்டு முற்றத்தில் குவிந்த பனியை அள்ளுவதற்காக, கராஜினுள் காருக்குப் பின்னால் இருக்கும் மண்வெட்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. காரை இயக்கி மூன்று மீற்றர் தூரம் முன்னே நகர்த்தி உடனே நிறுத்துகிறார். மறுநாள் காலை வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகை செல்சியஸ். திறப்பைத் திருப்புகிறார். இயந்திரம் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை. மீண்டும் மீண்டும் திருப்புகிறார். அரை மணித்தியாலத்தில் பற்றரியும் ஓய்ந்து விடுகிறது. புதிய பற்றரி வாங்கிப் பொருத்துகிறார், பயனில்லை. பின்னர் ஸ்டார்ட்டர் மோட்டார், அதன் பின்னர் பெற்றோல் பம்பி என ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. பல நூறு டொலர் செலவான பின்பும் கார் அசையாமல் நிற்கிறது. இவ்வகைக் காரை வைத்திருப்போர் பலருக்கு இது பழகிப்போன அனுபவம். இங்கே பழுதான பாகம் என்று உண்மையில் எதுவுமே இருக்கவில்லை. அந்த மூன்று மீற்றர் ஓட்டமே காரணம்.

குளிர் என்பது பெரும்பாலும் ஒரு காருக்குப் புதிய நோயைக் கொண்டுவருவதில்லை. கோடையில் ஒளிந்திருந்த பலவீனத்தையே அது வெளியே இழுத்து வருகிறது. அந்தப் பலவீனம் பற்றரியிலா, தீப்பொறியிலா, எரிபொருளிலா, அன்றி ஓட்டுநரின் பழக்கத்திலா என்பதைக் கண்டறியாமல் பாகங்களை மாற்றுவது, நாடி பார்க்காமலே மருந்து கொடுப்பதற்கு ஒப்பானதாகும்.

முதலில் குளிர் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். காரின் ஈய அமிலப் பற்றரி இரசாயனத் தாக்கத்தினால் மின்னை வழங்குவது. வெப்பநிலை குறையக் குறைய அத்தாக்கம் மந்தமடைகிறது. உறைநிலையில் பற்றரி தனது வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கின்றது. பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் இழப்பு அரைவாசியையும் தாண்டி விடுகிறது. இதே வேளையில் இயந்திரத்தினுள் இருக்கும் ஒயில் தேன்போல் தடித்துப் போவதால் அதனைச் சுழற்றுவதற்கு வழமையிலும் பார்க்கக் கூடுதல் வலு தேவைப்படுகிறது. வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது என்பதே சுருக்கமான கணக்கு. பற்றரியின் மேல் சீசீஏ என்ற எழுத்துக்களுடன் அச்சிடப்பட்டிருக்கும் எண்ணுக்கு இங்கேதான் பொருள் உண்டு. பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில், 7.2 வோல்ற்றுக்குக் கீழே இறங்காமல், 30 செக்கன்களுக்கு அந்தப் பற்றரியால் எத்தனை அம்பியர் மின்னோட்டத்தை வழங்க முடியும் என்பதையே அது குறிக்கின்றது.

வெப்ப நாட்டில் வாழும் எமக்கு ஒரு செய்தி வியப்பளிக்கக்கூடும். பற்றரியின் ஆயுளை உண்மையில் அரித்துத் தின்பது வெயிலே. உயர்ந்த வெப்பநிலையில்தான் அதன் உள்ளிருக்கும் ஈயத் தகடுகள் விரைவாக அரிப்புறுகின்றன. கோடை முழுவதும் தேய்ந்த பற்றரி, அது தேய்ந்து விட்டது என்பதை முதல் கடுங்குளிர்க் காலையில் வெளிப்படுத்துகிறது. பழி குளிரின் மேல் விழுகிறது.

பெற்றோல் இந்தக் குளிரில் உறைவதில்லை. ஆனால் திரவமாக இருக்கும் பெற்றோல் எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. குளிர்ந்த இயந்திரத்தினுள் பெற்றோல் ஆவியாவது கடினம் என்பதால், கணினி அப்போது வழமையை விடப் பன்மடங்கு பெற்றோலை உள்ளே தெளிக்கிறது. குளிர் நாடுகளின் எரிபொருள் நிலையங்கள் குளிர்காலத்தில் எளிதில் ஆவியாகும் வகைப் பெற்றோலை விற்பதன் காரணமும் இதுவே. ஸ்போர்ட்ஸ் கார்களின் நிலைமை இங்கே வேறு. செப்டெம்பரில் தாங்கி நிரப்பப்பட்டு, கராஜில் உறை போர்த்தி நிறுத்தப்பட்ட கார் ஒன்றில் சனவரி மாதத்திலும் இருப்பது கோடைகாலப் பெற்றோலே. அதிலும் எளிதில் ஆவியாகக் கூடிய பகுதி மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்து விடுகிறது.

நாள்தோறும் வேலைக்குச் செல்லப் பயன்படும் சாதாரண கார் குளிரைத் தாங்கும்போது, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஸ்போர்ட்ஸ் கார் தாங்காமல் போவது ஏன் என்ற கேள்விக்கு இத்தகைய காரணங்களே விடையாகின்றன. அது பெரும்பாலும் நிற்கும் கார். நிற்கும்போதும் அதன் கணினிகளும் எச்சரிக்கை மணியும் கதவுப் பூட்டும் சிறிதளவு மின்னைக் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி அம்பியர் என்பது மிகச் சிறிய அளவுதான். ஆயினும் ஒரு நாளில் அது 1.2 அம்பியர் மணி. 60 அம்பியர் மணி கொள்ளளவுள்ள பற்றரி ஒன்று இவ்வாறு 25 நாட்களில் பாதியாகி விடும். நிறையைக் குறைப்பதற்காகச் சிறிய பற்றரி பொருத்தப்பட்ட காரில் இந்நாட்கள் இன்னும் குறைவு. ஒயிலின் விடயமும் இவ்வாறானதே. 5டபிள்யூ-30 என்று போத்தலில் காணப்படும் குறியீட்டில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைச் சுட்டும் எழுத்து. அதன் முன்னுள்ள எண் சிறிதாக இருக்குமளவுக்கு அந்த ஒயில் குளிரில் இலகுவாக ஓடும். அதிவேகத்தில் சுழலும் சில இயந்திரங்களுக்கு, எடுத்துக்காட்டாக 2000களின் பிஎம்டபிள்யூ எம்3 காருக்கு, நிறுவனமே 10டபிள்யூ-60 என்ற தடித்த ஒயிலை விதித்திருந்தது. பந்தயத் தடத்துக்கு உகந்த அந்த ஒயிலே விடியற்காலையில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சுமையாகின்றது. அதற்காகக் கையேட்டில் இல்லாத ஒயிலை ஊற்றிப் பார்ப்பது அறிவுடைமையாகாது.

இனி, இயங்க மறுக்கும் காரின் முன் நிற்கும் ஒருவர் செய்ய வேண்டியது என்ன? கருவிகளைத் தேடுவதற்கு முன் காதைத் தீட்டிக் கொள்ள வேண்டும். திறப்பைத் திருப்பும்போது கார் எழுப்பும் ஒலி, அல்லது ஒலியின்மை, பாதி நோயைச் சொல்லிவிடும்.

ஒலியே இல்லை, முகப்பு விளக்குகளும் எரியவில்லை என்றால் பற்றரி முற்றாக ஓய்ந்துவிட்டது அல்லது அதன் முனை கழன்றுள்ளது. டக் டக் டக் என்று விரைவாகத் தட்டும் ஒலி வந்தால் பற்றரியில் உயிர் இருக்கிறது, வலு இல்லை என்று பொருள். ஒரேயொரு கனத்த டக் மட்டும் கேட்டு, விளக்குகளும் மங்காமல் பிரகாசமாகவே இருந்தால் சந்தேகம் ஸ்டார்ட்டரின் மேல் திரும்ப வேண்டும். இயந்திரம் தயங்கித் தயங்கிச் சுழன்றால் பற்றரியும் தடித்த ஒயிலும் கூட்டுக் குற்றவாளிகள். வழமையான வேகத்தில் சுழன்றும் பற்றாவிட்டால் பற்றரிக்கு விடுதலை அளித்துவிட்டுத் தீப்பொறியையும் எரிபொருளையும் விசாரிக்க வேண்டும். இவையனைத்துக்கும் புறம்பாக இன்னொரு ஒலியும் உண்டு. வழமையை விட வேகமாக, தடையே இல்லாததுபோல் விர்ரென்று சுழலும் ஒலி அது. இயந்திரத்தினுள் வாயு நெருக்கப்படவில்லை என்பதையே அது அறிவிக்கின்றது. சாதாரண இயந்திரத்தில் இதன் பொருள் டைமிங் பெல்ட் அறுந்தது என்பதாக இருக்கலாம். எமது கற்பனை நண்பரின் காரில் கேட்டதும் இவ்வொலியே. அவர் அதனைக் கவனிக்கவில்லை.

கிளட்ச் மிதியை அடிவரை அழுத்தாவிட்டால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் செல்லாத வகையிலேயே கியர் மாற்றும் கார்கள் பல வடிவமைக்கப்பட்டுள்ளன என்பதையும், திருட்டுத் தடுப்பு விளக்கு தொடர்ந்து மினுங்கினால் திறப்பினுள் இருக்கும் சில்லைக் கார் அடையாளம் காணவில்லை என்பதையும் இவ்விடத்தில் கூறிவிட வேண்டும். திறப்பின் சிறு பற்றரியும் குளிரில் சோர்வடையும். அதற்காக இழுவை வண்டியை அழைத்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

பற்றரியின் மேல் சந்தேகம் எழுந்தால் மலிவான வோல்ற்றுமானி ஒன்றே போதும். இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ற்றளவில் காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் அது வெறுமையை நெருங்கி விட்டது. ஆயினும் ஓய்விலிருக்கும்போது நல்ல எண்ணைக் காட்டும் பற்றரியும் சுமை ஏறியதும் சரிந்து விடக்கூடும். எனவே ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் மானியைப் பார்க்க வேண்டும். அவ்வேளையில் 10 வோல்ற்றுக்கு வெகுவாகக் கீழே விழுந்தால் பற்றரியோ அதன் இணைப்போ பலவீனமானது. இணைப்பு என்பதை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. முனைகளில் படியும் வெண்பச்சைத் தூளைச் சுரண்டித் துடைத்து இறுக்கியதும் உயிர்பெற்ற கார்கள் எத்தனையோ.

அயலவரின் காரிலிருந்து மின்வடம் மூலம் உயிரூட்டுவது குளிர் நாடுகளில் அன்றாடக் காட்சி. அதில் உள்ள ஆபத்துப் பலருக்குத் தெரிவதில்லை. மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளியேறுகின்றது. ஒரு சிறு தீப்பொறி அதனை வெடிக்கச் செய்து அமிலத்தை முகத்தில் தெறிக்க வைக்கலாம். இதனாலேயே சிவப்பு வடத்தின் ஒரு முனையை ஓய்ந்த பற்றரியின் நேர் முனையிலும், மறு முனையை நல்ல பற்றரியின் நேர் முனையிலும் இணைத்த பின், கறுப்பு வடத்தை முதலில் நல்ல பற்றரியின் மறை முனையிலும், இறுதியாக ஓய்ந்த காரின் இயந்திரத்தில் பற்றரியிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு வெற்று உலோகப் பகுதியிலும் இணைக்கும்படி கூறப்படுகிறது. இறுதி இணைப்பில்தான் பொறி பறக்கும். அது பற்றரிக்கு அருகில் பறக்கக் கூடாது. முற்றாக ஓய்ந்த பற்றரியினுள் இருப்பது ஏறக்குறைய நீரே என்பதால் அது உறைந்து விடவும் கூடும். பக்கங்கள் புடைத்து உறைந்திருக்கும் பற்றரிக்கு எக்காரணம் கொண்டும் மின்னேற்றக் கூடாது.

பற்றரி எங்கே இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதலிரு தலைமுறைகளில் அது பின்புறப் பெட்டகத்தில் உள்ளது. போர்ஷே 911 காரில் முன்புறப் பெட்டகத்தில் உள்ளது. அதன் சில தலைமுறைகளில் அப்பெட்டகத்தின் பூட்டோ மின்சாரத்தினால் திறப்பது. பற்றரி இறந்தால் பற்றரியை அடையும் வழியும் அடைபட்டு விடுகின்றது. உள்ளே பியூஸ் பெட்டியில் இழுத்தெடுக்கக் கூடிய ஒரு முனையை வைத்து, அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பூட்டைத் திறக்கும்படி பொறியியலாளர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கையேட்டை வாசிக்காதவருக்கு இது தெரியப் போவதில்லை.

சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை என்ற நிலைக்கு வருவோம். திறப்பைத் திருப்பியதும் பெரும்பாலான கார்களில் பெற்றோல் பம்பி ஓரிரு செக்கன்கள் மெல்ல முனகும். அந்த முனகலைக் கேட்க முடிகிறதா எனப் பார்க்க வேண்டும். புகைபோக்கியில் பெற்றோல் மணக்கின்றதா என்பது அடுத்த கேள்வி. மணம் இல்லையெனில் எரிபொருள் வரவில்லை. மணம் தூக்கலாக இருந்தால் எரிபொருள் வருகிறது, ஆனால் அதனை எரிக்கத் தீப்பொறி இல்லை. அல்லது எரிபொருளே அளவுக்கு மீறி வந்துவிட்டது.

பலரும் கவனிக்கத் தவறும் இன்னொரு சிறு பாகம் குளிரூட்டும் நீரின் வெப்பநிலையை அளக்கும் உணரி. குளிரில் எவ்வளவு பெற்றோல் தெளிக்க வேண்டும் என்பதைக் கணினி இதனைக் கேட்டே முடிவு செய்கிறது. இந்த உணரி பிழைத்து, இயந்திரம் ஏற்கனவே சூடாக இருக்கிறது என்று பொய்ச் சாட்சி சொன்னால், பெற்றோல் போதாமல் கார் பற்ற மறுக்கும். பகலில் நன்றாக இயங்குவதும் அதிகாலையில் மறுப்பதுமாகக் கார் கண்ணாமூச்சி காட்டும். இதனைக் கண்டறிய எளிய வழியொன்று உண்டு. இரவு முழுவதும் நின்ற காரில், இயக்குவதற்கு முன், கணினி வாசிப்பு மானியை இணைத்து நீரின் வெப்பநிலையையும் உள்ளே இழுக்கப்படும் காற்றின் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். வெளியே உறைகுளிராக இருக்கையில் ஒன்று 40 பாகை என்று காட்டினால் பொய்யர் யார் என்பது தெரிந்துவிடும்.

இனி ஆர்எக்ஸ்-8 காருக்குத் திரும்புவோம். அதன் இயந்திரம் ஏனைய கார்களின் இயந்திரங்களிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்கள் அதில் இல்லை. வால்வுகளும் இல்லை. ஜேர்மனியரான பெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய தத்துவத்தின்படி, முக்கோண வடிவமான சுழலி ஒன்று முட்டை வடிவத்தையொத்த அறையினுள் சுழன்றபடியே காற்றை உள்ளிழுத்து, நெருக்கி, எரித்து, வெளியேற்றுகின்றது. ஜேர்மனியின் என்எஸ்யூ நிறுவனம் 1964இல் இதனைக் கார் ஒன்றில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட் காருடன் ஜப்பானின் மஸ்டா இதனைக் கையிலெடுத்தது. ஏனைய நிறுவனங்கள் கைவிட்ட பின்னரும் மஸ்டா விடவில்லை. 1991இல் பிரான்ஸின் லெ மோன் 24 மணித்தியாலப் பந்தயத்தில் அந்நிறுவனத்தின் 787பி கார் இவ்வியந்திரத்துடனேயே முதலிடம் பெற்றது. ஆர்எக்ஸ்-8இல் தலா 654 கன சென்ரிமீற்றர் கொண்ட இரு சுழலிகள். வெறும் 1.3 லீற்றர் இயந்திரம் நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்களை எட்டும் அந்த இனிமைக்காகவே இக்காரை நேசிப்பவர்கள் இன்றும் உள்ளனர்.

சுழலியின் மூன்று முனைகளிலும் மெல்லிய உலோகத் தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. அறையின் சுவரோடு உராய்ந்தபடி வாயுவைக் கசியவிடாமல் காப்பது இவையே. ஆனால் தகடு மட்டும் தனித்துக் காப்பதில்லை. சுவரில் படிந்திருக்கும் ஒயில் படலமும் சேர்ந்துதான் அடைப்பு முழுமை பெறுகின்றது. அதற்கென்றே சிறிதளவு ஒயில் தொடர்ந்து அறையினுள் செலுத்தப்படுகிறது. இப்போது அந்தச் சனிக்கிழமை மாலையை நினைத்துப் பார்ப்போம். குளிர்ந்த இயந்திரத்துக்குக் கணினி ஏராளமான பெற்றோலைத் தெளிக்கிறது. சூடேறி அது எரிந்து தீர்வதற்கு முன்பே கார் நிறுத்தப்படுகிறது. எஞ்சிய பெற்றோல் சுவரில் வழிந்து ஒயில் படலத்தைக் கழுவிச் செல்கிறது. ஸ்பார்க் பிளக்குகள் நனைகின்றன. மறுநாள் திறப்பைத் திருப்பும்போது அடைப்பு இல்லாததால் வாயு நெருக்கப்படுவதில்லை. நெருக்கப்படாத கலவை, நனைந்த பிளக்கில் எழும் பலவீனமான பொறிக்குப் பற்றுவதில்லை. பற்றாத ஒவ்வொரு சுழற்சியிலும் மேலும் பெற்றோல் உள்ளே பாய்கிறது. முயற்சி செய்யச் செய்ய நிலைமை மோசமடையும் விசித்திரமான நோய் இது. எரிபொருளில் மூழ்குதல் என்று இதனை அழைக்கலாம்.

பற்றரியும் ஸ்டார்ட்டரும் இக்கதையில் முற்றிலும் குற்றமற்றவை என்றும் கூறிவிட முடியாது. சுழற்சி மெதுவாக இருந்தால் கசிவு கூடி நெருக்கமும் குறையும். தொடக்கத்தில் வெளிவந்த ஆர்எக்ஸ்-8 கார்களின் ஸ்டார்ட்டர் போதிய வேகம் கொண்டதல்ல எனக் காணப்பட்டதால், கூடுதல் வேகமுள்ள ஸ்டார்ட்டரைப் பின்னர் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. தீப்பொறியை உண்டாக்கும் நான்கு இக்னிஷன் கொயில்களும் காலப்போக்கில் சோர்வடைபவை. அவை எச்சரிக்கை விளக்கு எதனையும் எரிய விடாமலே பலவீனமடையக் கூடியவை என்பதால் சந்தேகம் எழுந்தால் நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது.

மூழ்கிய இயந்திரத்தை மீட்கும் முதல் வழி, அக்சிலரேட்டர் மிதியை அடிவரை அழுத்திப் பிடித்தபடி திறப்பைத் திருப்புவது. மிதி முழுமையாக அழுத்தப்பட்டிருக்கையில் பெற்றோல் தெளிப்பைக் கணினி நிறுத்தி விடுகிறது. காற்று மட்டும் உள்ளே சென்று ஈரத்தை வெளியேற்றும். ஒரு தடவைக்குப் பத்துச் செக்கன்களுக்கு மேல் சுழற்றாமல், இடையிடையே ஸ்டார்ட்டர் ஆறுவதற்கு நேரம் விட வேண்டும். அது பயனளிக்காவிட்டால் எரிபொருள் தெளிப்புக்கான பியூஸைக் கழற்றி, தீப்பொறி எழாதவாறு கொயில்களின் இணைப்பையும் நீக்கி, நான்கு பிளக்குகளையும் வெளியே எடுத்து, இயந்திரத்தைச் சிறிது நேரம் சுழற்ற வேண்டும். பிளக் துளைகளிலிருந்து பெற்றோல் புகைபோல் சீறி வெளிவரும். அருகில் ஒரு சிகரெட்டோ திறந்த வெளிச்சுவாலையோ இருந்தால் கார் மட்டுமன்றி வீடும் எரியலாம் என்பதால் இதனைத் திறந்த வெளியில், அனுபவமுள்ள ஒருவரின் துணையுடனேயே செய்ய வேண்டும். அதன்பின் ஒவ்வொரு சுழலி அறையினுள்ளும் சிறிதளவு இயந்திர ஒயிலை ஊற்றி, உலர்ந்த பிளக்குகளைப் பொருத்தி, முழுமையாக மின்னேற்றிய பற்றரியுடன் முயன்றால் பெரும்பாலும் வெண்புகையைக் கக்கியபடி இயந்திரம் உயிர்பெறும். புகையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஊற்றிய ஒயிலே எரிகின்றது.

இப்படிப்பட்ட காரை இரண்டாவது கையாக வாங்க எண்ணுபவர்களுக்கு ஒரு குறிப்பு அவசியமாகின்றது. குளிரில் இயங்க மறுப்பதும் சூட்டில் இயங்க மறுப்பதும் இக்காரில் இரு வேறு நோய்கள். காலையில் மறுத்தால் பெரும்பாலும் மூழ்குதல், பிளக், கொயில், பற்றரி போன்ற மாற்றக் கூடிய காரணங்கள் இருக்கும். ஆனால் ஒரு மணித்தியாலம் ஓடிச் சூடேறிய பின் நிறுத்தி, உடனே இயக்க முயலும்போது தயங்கினால், அடைக்கும் தகடுகளே தேய்ந்துவிட்டன என்று அஞ்ச வேண்டும். அதற்கு மருந்து இயந்திரத்தைப் பிரித்துச் சீரமைப்பதே. இயந்திரத்தின் உட்பகுதிக்கான உத்தரவாதத்தை வட அமெரிக்காவில் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீற்றராக மஸ்டா நீடித்தமை இந்நோயின் பரவலை உணர்த்துகின்றது. அக்காலமும் எல்லாக் கார்களுக்கும் முடிந்துவிட்டது. எனவே வாங்கச் செல்லும்போது விற்பவர் காரை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கக் கூடாது. அதேவேளை நன்றாக ஓட்டிச் சூடாக்கிய பின்னும் ஒரு தடவை நிறுத்தி இயக்கிப் பார்க்க வேண்டும். நெருக்கத்தைச் சோதிக்கும் சாதாரண மானி இங்கு உதவாது. சுழலியின் மூன்று முகங்களையும் தனித்தனியே அளந்து, நிமிடத்துக்கு 250 சுற்று என்ற வேகத்துக்கு ஒப்பிட்டுக் காட்டும் விசேட மானி உள்ளவரிடம் செல்ல வேண்டும்.

மூழ்குதலைத் தவிர்ப்பதற்கு உரிமையாளர்கள் சொல்லும் விதி எளிமையானது. ஒரு தடவை இயக்கினால் வெப்பநிலை முள் வழமையான இடத்துக்கு வரும் வரை நிறுத்தாதே என்பதே அது. விதி சரியானதுதான். ஆனால் அந்த விதியைக் கராஜினுள் நின்று கடைப்பிடிப்பதிலேயே உயிராபத்து இருக்கின்றது.

குளிர்ந்த இயந்திரம் மிகையான பெற்றோலை அரைகுறையாக எரிக்கும் வேளையில் வெளிவரும் புகையில் காபனோரொட்சைட்டு மிகுந்திருக்கும். அதனைத் தூய்மைப்படுத்த வேண்டிய வினையூக்கி மாற்றியும் சூடேறும் வரை வேலை செய்வதில்லை. அதாவது, ஒரு கார் தன் வாழ்நாளில் மிக நச்சான புகையை வெளியிடுவது குளிரில் இயங்கிய முதற் சில நிமிடங்களிலேயாகும். இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு இது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிணைவதால், தலையிடி, சோர்வு என்று உணரும்போதே எழுந்து நடக்கும் வலு போய்விடக் கூடும். கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று எண்ணுவது தவறு. வீட்டோடு ஒட்டிய கராஜிலிருந்து அது உட்கதவின் இடுக்கு வழியாகப் படுக்கையறை வரை செல்லும். பனி புகைபோக்கியை மூடியிருக்கையில் காரினுள் அமர்ந்து சூடேற்றுவதும் இதேயளவு ஆபத்தானது. எம் நாட்டில் வாகனத் தரிப்பிடம் என்பது பெரும்பாலும் நாற்புறமும் காற்றோடும் ஒரு கூரை மட்டுமே. அப்பழக்கத்தோடு அங்கு சென்றவர்களுக்கு, மூடிய அறையில் கார் இயங்குவது எவ்வளவு கொடியது என்பது இயல்பாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. காபனோரொட்சைட்டு எச்சரிக்கை மணியைப் படுக்கையறைக்கு அருகில் பொருத்துவது பற்றரி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு.

குளிர் மிகுந்த எட்மன்டன், வின்னிபெக் போன்ற நகரங்களில் கார்களின் முன்புறத்திலிருந்து மின்வடம் ஒன்று தொங்குவதைப் புதிதாகச் செல்பவர்கள் வியப்போடு பார்ப்பதுண்டு. இயந்திரத்தின் குளிரூட்டும் நீரைச் சூடாக்கும் மின்கருவியின் வடம் அது. புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்கு முன் அதனை இணைத்தால் இயந்திரம் குளிரை ஓரளவு மறந்து விடும். இரவு முழுவதும் இணைத்திருப்பது மின்கட்டணத்தை மட்டுமே கூட்டும். நீண்டகாலம் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இதைவிட அவசியமானது, பற்றரி நிறைந்ததும் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக் கொள்ளும் சிறிய பராமரிப்பு மின்னேற்றி. கோடைகால டயர்கள் 7 பாகைக்குக் கீழே விறைத்துப் பிடிமானத்தை இழப்பதால், இவ்வளவும் செய்து காரை இயக்கிய பின்னரும் அதனை வீதிக்குக் கொண்டு செல்லத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

எமது நண்பரின் காருக்குப் பிளக்குகளைக் கழற்றி உலர்த்தியதே போதுமாக இருந்திருக்கும். மண்வெட்டியை எடுக்க வேண்டிய அந்த மாலையில் அவர் காரை இயக்கியிருக்கவே தேவையில்லை. கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிறேக்கைத் தளர்த்தி, ஒருவர் சுக்கானைப் பிடிக்க இருவர் பின்னால் நின்று தள்ளினால், சமதளத்தில் மூன்று மீற்றர் தூரத்துக்கு அந்தக் கார் தடையின்றி உருண்டு செல்லும்.